கிளட்ச் கேபிள்

நீளமும் கனமுமான அந்த குரூசர் பைக்கைப் பெஞ்சமின் ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். கிளட்ச் இறுகுகிறது என்றார். முதல் தடவை மெக்கானிக் உஸ்மான் எண்ணெய் விட்டிருந்தான். அடுத்த தடவை புதுக் கேபிளே மாட்டிக் கொடுத்தான். இன்று அழுத்திப் பார்த்தபோது கிளட்ச் இரண்டு விரலுக்கே அமுங்கியது.

"கேபிள்ல ஒண்ணுமில்லண்ணே," என்று தயங்கினான். "கைய ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"காட்டிட்டேன். நரம்பு செத்துக்கிட்டு வருதாம். இடது கைக்கு அப்புறம் வலதும் போயிடுமாம்." பெஞ்சமின் டேங்கைத் துடைத்தபடியே சொன்னார். "வாசல்ல என் வீட்டுக்காரி நிக்குறா. அவளுக்குத் தெரியாது. கேபிள்னே சொல்லிடு."

உஸ்மான் வெளியே போனான்.

"என்ன கோளாறு தம்பி?" என்று கேட்டாள் தெரசா.

"கேபிள்தான்க்கா. சாமான் வரணும். அதுவரைக்கும் வண்டி இங்க நிக்கட்டும்." அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நிக்கட்டும்," என்றாள் தெரசா. பின்னாலேயே வந்த கணவரின் வலது கையைப் பிடித்து, இடது கையால் அவர் போட முடியாமல் விட்டிருந்த முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு அந்தக் கையை விடாமலே ஆட்டோவைக் கூப்பிட்டாள்.