மறைகிற அளவு

சுகந்தியின் மோதிர விரலில் பட்டாணி அளவுக்கு ஒரு வெண்புள்ளி இருந்தது. "அது மறையணும், அவ்வளவுதான்," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. நகைக்கடைக்காரர் சின்னக் கல்லிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மோதிரமாகப் போட்டுப் பார்த்தார். எல்லாக் கல்லின் ஓரத்திலும் வெள்ளை எட்டிப் பார்த்தது.

"இன்னும் பெருசா காட்டுங்க," என்றான் மாப்பிள்ளை. அவள் முகத்தை அவன் பார்க்கவேயில்லை.

கடைசியில் புளியங்கொட்டை அளவுக் கல் ஒன்று புள்ளியை முழுசாக மூடியது.

"நிச்சயத்தன்னிக்கு யாரு கண்ணுலயும் படாது," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"விரல மடக்கினாத்தான் கொஞ்சம் தெரியும் சம்மந்தி," சுகந்தியின் அம்மா அவசரமாகச் சொன்னாள். "எம்பொண்ணு மடக்கமாட்டா."

சுகந்தி அந்த விரலை மடக்கினாள். பிறகு மற்ற விரல்களையும்.