இரண்டு பாய்கள் சேருமிடம்

அன்று நானும் சிரித்தேனா என்பது சரியாக நினைவில்லை.

மற்றவர்கள் சிரித்தார்கள். அது நிச்சயம்.

அவள் கறுப்புப் பாயின் மேல் நின்றிருந்தாள். புதுச் சாலைக்குப் போடும் மண்கரைக்கு அடியில் விரிக்கிற பிளாஸ்டிக் வலைப்பாய். கீழே பூமி உள்வாங்கினாலும் மேலே இருக்கிற மண்ணைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது.

அது சுண்ணாம்புக்கல் பூமி; மழைத் தண்ணீர் அடியில் கரைத்துக் குழி விழும். ஐப்பசி மழையில் அந்த இடத்தில் ஓர் ஆடு உள்ளே போயிருந்தது. குழியை மூடிவிட்டு, லாரி சுருள்களை இறக்கிப்போட்ட பக்கத்திலிருந்தே பாயை விரித்துக்கொண்டு வந்தார்கள். எப்போதும் அப்படித்தான் விரிப்பார்கள்.

இரண்டு பாய்கள் சேருமிடம் சரியாகக் குழியின் மேல் வந்து விழுந்தது.

“சுருட்டிட்டு அந்தப் பக்கத்துலேருந்து விரிங்கண்ணே. குழி பாய்க்கு நடுவுல வரணும். இணைப்பு இங்க வந்தா பிரிஞ்சிடும்.”

சூப்பர்வைசர் தனக்கோடி வானத்தைப் பார்த்தார். மழை திரண்டிருந்தது.

“மண்ணுக்குள்ள போற பாய், மேடம். பொண்ணு பாக்க வர்றவங்களுக்கா விரிக்கிறோம்?”

அப்போதுதான் சிரித்தார்கள்.

அவள் இன்ஜினியராக வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நகரவில்லை. இணைப்பின் மேலேயே நின்றாள்.

தனக்கோடி என் பக்கம் திரும்பினார்.

“அறவாழி, தூக்குய்யா.”

நான் ஓட்டிய டிப்பரில் முழு லோடு மண்.

இறங்கியிருக்கலாம். சாவியைப் பிடுங்கி வயலில் எறிந்திருக்கலாம். அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்கலாம். பத்து வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், படுக்கையில், குளிக்கும்போது, சோற்றுத் தட்டின் முன்னால்.

லிவரை இழுத்தேன்.

விலகிவிடுவாள் என்று நினைத்தேன்.

பின்கண்ணாடியில் மண் அவள் முழங்கால்வரை ஏறியது. நிறுத்தினேன். வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் ஓடிவந்து அவளை இழுத்தெடுத்தார்கள்.

அவள் தனக்கோடியைப் பார்க்கவில்லை. நேராக என் கதவுக்குக் கீழே வந்து நின்றாள்.

“இந்த வழியாத்தான நீங்களும் போவீங்க?”

ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் அலறியது.

மறு வருட மழையில் அந்த இடத்தில் சாலை உள்ளே போனது. பால் வேன் ஓட்டி வந்த குலோத்துங்கன் இறந்தார். முப்பத்தொரு வயது. விசாரணையில் அதிக மழை என்று எழுதினார்கள். அவள் மேலதிகாரிகளுக்கு மூன்று கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு வேலையை விட்டாள். தனக்கோடி இப்போது வேறு மாவட்டத்தில் பாலம் கட்டுகிறார்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.