ஒத்திகைப் பிணங்கள்

"ஏம்மா, செத்த பிணம் எங்கேயாவது மூக்கைச் சொறியுமா?"

தெருப் பாதுகாப்புக் குழுத் தலைவர் கத்தியதும், நடுத்தெருவில் பிணமாகப் படுத்திருந்த இஸ்திரிக்காரி கையைக் கீழே போட்டாள். "கொசு கடிக்குது தலைவரே. ஒத்திகைன்னு அதுக்குத் தெரியுமா?"

குண்டுவீச்சு ஒத்திகை. மேலதிகாரிக்குத் திருப்தி என்றால் தெருவுக்கு ஒரு வண்டி ரொட்டி. இல்லையென்றால், இந்த மாதமும் வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டியதுதான். தலைவர் கழுத்து விசிலைத் துடைத்து, கைப்பட்டையை மூன்றாம் முறை நீவிவிட்டுக்கொண்டார்.

ஜீப் வந்தது. அதிகாரி, இல்லாத நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியபடி இறங்கினார். முதல் பிணம் தும்மியது. இரண்டாவது பிணமான தையல்காரர், அதிகாரியைக் கண்டதும் படுத்தபடியே கும்பிட்டார்.

"என்னய்யா இது? செத்தவன் கும்பிடுறான்!"

"மரியாதை தெரிஞ்ச தெருங்கய்யா…"

"கிழிச்சீங்க. ரொட்டியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது." அதிகாரி திரும்பினார்.

இடிந்த சுவரோரம் சட்டென்று நின்றார். அங்கே ஒருவர் குப்புறக் கிடந்தார், உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசி. அதிகாரி பிரம்பால் குத்தினார். அசைவில்லை. ஈ ஒன்று காதுக்குள் போய்ச் சாவகாசமாக வெளியே வந்தது. அப்போதும் அசைவில்லை.

"யாருய்யா இது?"

தலைவருக்குப் போன உயிர் திரும்பியது. அந்த இடம் யாருக்கு ஒதுக்கியது என்பது நினைவுக்கு வந்துவிட்டது. "எங்க ராஜபார்ட்டுங்கய்யா! நாடகத்துல ராஜா வேஷம் கட்டினவர். மூச்சை அடக்க நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"விலா எலும்பை எண்ணலாம் போலிருக்கே!"

"வேஷப் பொருத்தத்துக்காகப் பட்டினி கிடந்தாருங்கய்யா. தொழில் பக்தி!"

"இதுதான்யா பிணம்! மத்தவங்க இவர்கிட்டப் பிச்சை வாங்கணும். போ, ரொட்டி வண்டி நாளைக்கு வரும்."

தெரு கைதட்டியது. பிணங்களும் எழுந்து உட்கார்ந்து தட்டின. ஜீப் மறைந்ததும் தலைவர் சுவரோரம் குனிந்தார்.

"எழுந்திருங்கண்ணே, ஜெயிச்சுட்டோம்! முதல் ரொட்டி உங்களுக்குத்தான்."

தெருமுனையிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். முகத்தில் பூசியிருந்த சிவப்புச் சாயம் வியர்வையோடு வழிந்தது.

"மன்னிச்சுடுங்க தலைவரே, மேக்கப் போடவே நேரமாயிடுச்சு," என்றார் ராஜபார்ட். "அது சரி… என் இடத்துல யாரு படுத்திருக்கா?"