இரண்டு நிமிட வேலை

"அம்மா, ஒண்டையும் அமத்தாதீங்க. நான் இங்கயிருந்தே திருத்துறன்," என்றான் இத்தாலியிலிருந்து டெரன்ஸ்.

கண்டக்குழி வீட்டில் செலஸ்தீனா கையை எடுத்துக்கொண்டாள். லெப்டொப் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. மகனே வந்து வீட்டுக்குள் நடமாடுவது போலிருந்தது அவளுக்கு.

"சாப்பிட்டியா மகன்?"

"ஓம். சரியாயிட்டுது அம்மா. வேலைக்குப் போகணும், வைக்கிறன்."

அம்புக்குறி நின்றுவிட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் லெப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு கற்பிட்டிக்கு பஸ் ஏறினாள். கணினி திருத்தும் கடையில் ரிஷாத் அதைத் திறந்து பார்த்தான்.

"நல்லாத்தானே வேலை செய்யுது, ஆன்டி?"

"அதுதான் தம்பி வந்தனான். போன கிழமை நீங்க செய்து தந்த பழுதை அவன் ரெண்டு நிமிசத்தில திருத்திட்டான். இந்த முறை கொஞ்சம் பெரிசாச் செய்து தாங்க."