சீக்கில்லாத ஊர்

எந்த நோய் எந்தக் குடும்பத்தில், ஏன் வருகிறது என்று ஆராய 1952இல் மதராஸிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்த நெல்லைநாயகம், ஒரே வாரத்தில் நொந்துபோனான். வீட்டுக்கு வீடு கேசரி கிடைத்தது, நோயாளிதான் கிடைக்கவில்லை. ஊரே ஆரோக்கியம் என்று எழுதினால் மேலதிகாரி அவன் சீட்டைக் கிழித்துவிடுவார்.

கடைசியாகக் குற்றாலநாதன் வீட்டுக்குப் போனான்.

“வீட்டில் யாருக்காவது காசம், இழுப்பு, சர்க்கரை?”

“சீக்கா? எங்க வம்சத்துலயே ஒரு தும்மல் கூடக் கெடையாது தம்பி!”

உள்ளறையில் யாரோ நெஞ்சு பிளக்க இருமினார்கள்.

“அது யாருங்க?”

“எருமைல்லா செருமுது.”

“ஏட்டி, வெந்நி கொண்டா!” என்றது எருமை.

அதற்குள் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் காபியோடு வந்து நின்றாள். நெல்லைநாயகம் வைத்த கண் வாங்காமல் பார்த்தான்.

“எம் மக சங்கரேஸ்வரி” என்றார் குற்றாலநாதன். “வீடு வீடா ஏறி சீக்கு விசாரிக்கும்போதே, நீங்க பொண்ணு பாக்கத்தான் வந்திருக்கீயன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இப்பம் நீங்க சொல்லுங்க. ஒங்க வீட்டுல யாருக்காவது சீக்கு உண்டுமா?”

மதராஸில் இழுப்போடு கிடக்கும் அப்பாவும் சர்க்கரையோடு மல்லுக்கட்டும் அம்மாவும் ஒரு கணம் அவன் நினைவில் வந்துபோனார்கள்.

“எங்க வம்சத்துலயே” என்றான், சங்கரேஸ்வரியைப் பார்த்தபடி, “ஒரு தும்மல் கூடக் கிடையாதுங்க!”