எதிர்ச்சாரிக் கடை

“இது உங்க அம்மா வந்த கப்பலு. நீங்க எப்படி வந்தீங்க?” என்று கேட்டேவிட்டார் சிவசம்பு.

சீதாலெட்சுமி படித்துக்கொண்டிருந்த தாளை மடியில் வைத்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடைக்கு மேலே உள்ள மாடியறை அது. சனிக்கிழமைகளில் கூடி, தங்கள் குடும்பம் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த கதையை எழுதிப் படிக்கிறவர்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

சிவசம்பு கெட்டவர் இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் இரண்டும் தெரிந்தாக வேண்டும் அவருக்கு. கதைகள் புத்தகமாக அச்சுக்குப் போகப்போகின்றன. அவரவர் சொந்தக் கதைதான் அதில் வரவேண்டும் என்பது எல்லோருமாகச் சேர்ந்து போட்டுக்கொண்ட விதி.

சீதாலெட்சுமியின் தாள் புத்தகத்துக்குள்ளே வருமா, வெளியே நிற்குமா?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோகேஸ்வரி சும்மா இருப்பாளா. வளர்த்தவள் அம்மா இல்லையென்றால் வேறு யார் அம்மா என்று சிவசம்புவைப் பிடித்துக்கொண்டாள்.

சீதாலெட்சுமிக்கு இதெல்லாம் புதிதில்லை. அவளுக்குச் சீன முகம். பெண்பிள்ளை வேண்டாம் என்று சில சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட குழந்தைகளைத் தமிழர் வீடுகள் வாங்கி வளர்த்த காலத்தில் பிறந்தவள். இன்றைக்கும் கீழே கடையில் பரிமாறுகிறவர் அவளிடம் மலாய் பேசினார். வாழையிலைக்குப் பக்கத்தில் ஒரு முள்கரண்டியும் கொண்டுவந்து வைத்தார். ரசத்துக்குக் கொஞ்சம் சோறு போடுங்கள் என்று அவள் தமிழில் கேட்டதும் கரண்டியை எடுத்துக்கொண்டு போனவர், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

அவள் எழுதியிருந்தது அம்மா தங்கமணியின் கதை. சின்னப் பிள்ளையாக நாகப்பட்டினத்தில் கப்பலேறியது, வழியெல்லாம் வாந்தி எடுத்தது, இறங்கின இடத்தில் ஒருவரும் பேசுவது புரியாமல் அழுதது. அம்மா எப்படிச் சொன்னாளோ அப்படியே, அவள் இழுக்கிற இடத்தில் இழுத்து எழுதியிருந்தாள். அது தன் கப்பல் இல்லை என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியது கிடையாது.

பெற்றவளைப் பற்றிக் கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான். தெலுக் பங்லிமா காராங் பக்கத்து ஆள்கள், எங்கேயோ போய்விட்டார்கள், விடு.

அம்மா காலமான பிறகு சீதாலெட்சுமி அந்த ஊருக்குப் போனாள். ஒருமுறை இல்லை, பலமுறை. தொழிற்சாலைகளுக்கு நடுவே மிச்சமிருந்த பழைய சீனக் கடைகளில் ஏறி இறங்கி, தெரிந்த மலாயில் விசாரித்தாள். பாவப்பட்டு ஒரு கடைக்காரர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அதற்கு மேல் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

“நான் எங்கேண்ணே வந்தேன்?” என்றாள் சிவசம்புவைப் பார்த்துச் சிரித்தபடி. “நான் போன தூரமெல்லாம், கிள்ளான்ல எங்க வீட்டுலேர்ந்து எதிர்ச்சாரிக் கடைக்குத் தௌஃபூ வாங்கப் போனதுதான் லா.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்ததே என்கிற சிரிப்பு. அந்தத் தெம்பில் அவள் தௌஃபூ வாங்கப் போன கதையையும் சொன்னாள்.

நாள் தவறாது. அம்மா குளிப்பாட்டி, தலை வாரி, ரிப்பன் கட்டி, பொட்டு வைத்து, துவைத்த கவுனை மாட்டி அனுப்புவாள். பள்ளிக்கூடத்துக்குக்கூட அப்படிச் சீவிச் சிங்காரித்து அனுப்பியதில்லை. தொட்டால் உடைகிற சோயாக் கட்டி அது. தௌஃபூவை உடைக்காமல் கொண்டுவா என்று வாசல்வரை வந்து சொல்வாள்.

அந்தக் கடைக்காரச் சீனத்தி இருக்கிறாளே, ஒரு கட்டித் தௌஃபூவைப் பொட்டலம் கட்ட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாள். இலையை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். ரிப்பன் தளர்ந்திருந்தால் ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு இறுக்கிக் கட்டி விடுவாள். தளராத நாளிலும் அவிழ்த்துக் கட்டுவாள்.

உங்கள் வீட்டில் அவ்வளவு பிடிக்குமாக்கா தௌஃபூ என்று கேட்டாள் லோகேஸ்வரி.

அப்பாவுக்கு அந்த வாடையே ஆகாது. அம்மா அதை வாயில் வைத்து அவள் பார்த்ததில்லை.

சீதாலெட்சுமி கொஞ்சம் தடுமாறினாள். அப்புறம், நின்றுவிட முடியாதவள்போல் மேலே சொன்னாள்.

ஒருநாள் கடையில் வேறு ஒருத்தி நின்றாள். பொட்டலத்தைக் கொடுத்து, பழையவள் செத்துப்போனாள் என்று கையால் சாடை காட்டினாள். சிறுமி ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கொல்லைப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டுதான் எழுந்தாள்.

“நாளையிலேர்ந்து போக வேணாம்மா. கோழிக்குப் போட இனித் தவிடே போதும்.”

அம்மாவின் குரலில் அதைச் சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது சீதாலெட்சுமியின் காதில் விழுந்தது.

பெற்றவளைத் தேடி அவள் தெலுக் பங்லிமா காராங் வரை போயிருக்கிறாள்.

கீழே தெருவில் ஒரு லோரி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. சிவசம்பு எட்டி அவள் மடியிலிருந்த தாளை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். அச்சுக்குப் போகும் தாள்களோடு அதையும் சேர்த்து வைத்தார்.

அந்தம்மா பார்க்க எப்படி இருப்பார்கள் என்று மூலையில் உட்கார்ந்திருந்த மாதவி மெல்லக் கேட்டாள்.

கைகள் நன்றாக நினைவிருந்தன. தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள், இலையை மடிக்கிற கட்டைவிரல், பிடரியில் படும் அந்தச் சில்லிப்பு. முகம்? உடையாமல் கொண்டுபோக வேண்டுமே என்று பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை அவள். ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருப்பாளா?

தெரியவில்லையே என்றாள்.

அறையிலிருந்த எல்லோரும் சீதாலெட்சுமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.