முனகாத விசிறி

ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பழைய பவர் சப்ளையும் புதிதாக வந்த கிராபிக்ஸ் கார்டும் இருந்தன. ஆன்லைன் விளையாட்டில் சண்டை மும்முரமானால் கார்டுக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படும். பவர் சப்ளையால் அவ்வளவு தர முடியாது. திரை இருண்டு, ஆட்டம் பாதியில் நின்றுவிடும்.

"பெரியவரே, முடியலைன்னா சொல்லிடுங்க," என்றது கார்டு.

"கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்லை, தம்பி."

பழுது பார்க்க வந்த சேவியர், கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினார். விளையாட்டை ஓடவிட்டு, பெட்டியருகே காதை வைத்துக் கேட்டார்.

"உங்க விசிறி ஒரு தடவை முனகினாப் போதும், அவருக்குப் புரிஞ்சிடும். இல்லைன்னா என்னைத் தூக்கிப் போட்டுடுவார்," என்று கெஞ்சியது கார்டு.

பவர் சப்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு விசிறியைச் சத்தமில்லாமல் சுழற்றியது. திரை இருண்டது.

சேவியர் கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சிறிய கார்டு ஒன்றைப் பொருத்தினார். ஆட்டம் தடையின்றி ஓடியது.

"சப்ளை கல்லு மாதிரி இருக்கு," என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

"பெரியவரே, நான் எவ்வளவு கேக்கலாம்?" என்றது சிறிய கார்டு.

பவர் சப்ளை குரலைத் தாழ்த்தி, "கொஞ்சமாக் கேளுப்பா," என்றது.